முனியாண்டி கிடாவுக்கு வந்த குடை

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பட்டுக் குடை வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் சீனிக்குத் தன் புத்தியின் மேல் முதல் சந்தேகம் வந்தது.

குஞ்சம் வைத்த குடை. ஈப்போவிலிருந்து காரில் வந்த குடை. அதன் நிழலில் கறுப்பன் என்கிற அந்தக் கிடா ஜமீன் வாரிசு மாதிரி நின்று அசைபோட்டது. குடை விலங்கு நலச் சபையுடையது, பிடித்திருந்த கை சீனியுடையது, கைக்குச் சொந்தக்காரன் நின்றதோ உச்சி வெயிலில்.

"நிழலைக் கொஞ்சம் வாலு பக்கம் தள்ளு லா," என்றார் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி நவமணி. "வால் சுடுது பாரு."

"ஐயா, எனக்கு மண்டை சுடுது."

"உன் மண்டையைப் பத்தி விதியில ஒண்ணும் போடலையே," என்று நவமணி நிஜமான வருத்தத்தோடு சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. விதியில் போட்டிருந்தால் சீனியின் மண்டைக்கும் குடை பிடித்திருப்பார்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லியாக வேண்டும்.

ரப்பர் விலை கிடுகிடுவென்று ஏறிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம். மலாயாவில், லகாட் ஊருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புமலைத் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டுகிறவன் சீனி. அவன் பெண்டாட்டி வீரம்மாவைக் குளிர்காய்ச்சல் பிடித்து உலுக்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் கொய்னாவையும் தின்றுவிட்டு இன்னும் கொண்டா என்றது. சீனி நேராகத் தோட்டத்துக் கோடியில் இருக்கும் முனியாண்டியிடம் ஓடினான். "அவளை எழுப்பி உக்கார வச்சிரு சாமி. ஆடித் திருவிழாவுல உனக்கு ஒரு கறுப்புக் கிடா," என்று சூலத்தைத் தொட்டுச் சொன்னான். மறுநாள் காலையில் வீரம்மா எழுந்து உட்கார்ந்து, "கஞ்சியில ஏன்யா உப்பே இல்ல?" என்று சண்டைக்கு வந்தாள். முனியாண்டி வாக்கைக் காப்பாற்றிவிட்டான். இனி வாக்குத் தவறினால் அது சீனியாகத்தான் இருக்கும்.

குட்டியாக வாங்கிய கறுப்பன் வளர்ந்து கொழுத்து நின்ற சமயம் பார்த்து, தோட்டத்துக்கு ஒரு வாயாங் கம்பெனி வந்து இறங்கியது. வாயாங் என்றால் நம் ஜனங்கள் வாயில் கூத்தும் அதுதான், ஊமைப்படமும் அதுதான். இது படம் பிடிக்க வந்த கம்பெனி. காட்டில் வழி தவறிய ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, அவள் பிரியமாக வளர்க்கும் கறுப்பு ஆடு, அதைத் தின்ன வரும் புலி. கதை அவ்வளவே. சீமாட்டியைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். புலியைப் பழைய சர்க்கஸ் ஒன்றிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டுக்கு மட்டும் தோட்டத்துத் துரை கையைக் காட்டினார். துரை கை காட்டிய திசையில் கங்காணி அர்ச்சுனன் ஓடினான்.

"சீனி, உன் கிடா வேணும் லா. தொரை உத்தரவு."

"அண்ணே, அது சாமிக் கிடா."

"சாமிக்கு ஆடி வெள்ளிதானே? அதுக்குள்ள அவுத்து விட்டுருவாங்க. உன் கிடா மூஞ்சி லண்டன் வரைக்கும் போகுது, உனக்குக் கசக்குதா?"

கிடா போயிற்று. மறுநாளே ஈப்போவிலிருந்து சபையும் வந்து சேர்ந்தது.

பேராக் படப்பிடிப்பு விலங்கு நலச் சபை. துரைமார்களின் கிளப்பில், நீளமான ஒரு விருந்துக்குப் பின் உண்டானது. அதன் தலைவர் ஒரு கர்னல் துரை. மீசை ஒரு பக்கத்துக்கு ஒரு முழம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூலிகளை எல்லாம் நிற்க வைத்து, அவர் தொடக்கவுரை ஆற்ற, சபையின் காரியதரிசியான கிராணி நவமணி தமிழில் திருப்பிச் சொன்னார்.

"இச்சபை அன்பினால் பிறந்தது! எனக்கு விலங்குகள் என்றால் உயிர். என் வீட்டுச் சுவரில் புலித் தலைகள் உள்ளன. காட்டெருமைத் தலை உள்ளது. மான் தலைகளுக்குச் சுவரே போதவில்லை. அத்தனையும் நானே சுட்டேன். தினமும் மாலையில் அவற்றின் கண்களைப் பார்த்துக்கொண்டே ஒரு கிளாஸ் அருந்துகிறேன். இதுநாள்வரை அவற்றில் ஒன்றாவது என்னைப் பற்றிப் புகார் சொன்னதுண்டா?"

கூலிகள் யோசித்துப் பார்த்தார்கள். இல்லைதான்.

"ஆகவே, இந்தப் படத்தில் எந்த ஜீவனும் கஷ்டப்படக் கூடாது. வெயிலில் நிற்கும் நேரத்துக்குக் கணக்கு உண்டு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் உண்டு. களைப்பா என்று கேட்பது உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்கின் விருப்பத்துக்கு விரோதமாக அதன் கயிற்றை எவனும் இழுக்கக் கூடாது!"

கைதட்டல் தூள் பறந்தது. பின்வரிசையில் ஒருவன், "இதெல்லாம் நமக்கா அண்ணே?" என்று கேட்டான். "ஆட்டுக்கு லா," என்று பதில் வந்ததும் அவன் தட்டிய கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

அன்றைக்கே கறுப்பனின் முன்னங்காலை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் குளம்பு ரேகை வைத்தார்கள். அது தன் இஷ்டத்துடன் வைக்கிறதா என்று கர்னல் துரை இரண்டு தடவை கேட்டார். கிடா மே என்றது. நவமணி, "சம்மதம் என்கிறது," என்று மொழிபெயர்த்தார்.

படப்பிடிப்பு தொடங்கியது. கூலிகள் காட்டுவாசி வேஷத்தில் ஈட்டியோடு மேட்டில் ஏறினார்கள், இறங்கினார்கள். சரியாக ஓடவில்லை என்று திரும்ப ஏறினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவன் சுருண்டு விழுந்தான். சபையின் மாட்டு டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு பதறியடித்து ஓடி வந்தார். விழுந்தவனை ஒரே தாண்டாகத் தாண்டி, கறுப்பனின் நாடியைப் பிடித்தார்.

"ஆள் விழுந்த சத்தத்தில் ஆடு மிரண்டிருக்கும். அரைமணி ஓய்வு."

ஆட்டுக்கு ஓய்வு என்பதால் படம் பிடிக்கிற படப்பெட்டியும் நின்றது. விழுந்தவனுக்கு அந்தப் புண்ணியத்தில் மூச்சு திரும்பியது. அவன் எழுந்து முதல் வேலையாகக் கறுப்பனைப் பார்த்துக் கும்பிட்டான்.

சபைக்கு விதிதான் தெரியும். ஆட்டையும் புலியையும் பழக்கும் வேலை ஜைனுலாப்தீன் நானாவுடையது. ஊர் ஊராகச் சர்க்கஸோடு சுற்றியவர். வாய் திறந்தால் பாதி பொய், ஆனால் மிச்சப் பாதியில் வேலை சுத்தம். புலியின் பெயர் சுல்தான். கிழப் புலி. பற்களில் முக்கால்வாசி ஏதேதோ ஊர்களில் உதிர்ந்துவிட்டன.

முதலில் சுல்தான் படுத்த வைக்கோலை எடுத்து வந்து கறுப்பனின் கொட்டகையில் தொங்கவிட்டார் நானா. புலி வாடை பட்டதும் கிடா கொட்டகையைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது. போகப்போக வாடை பழகியது. கடைசியில் அந்த வைக்கோலையே தின்னத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் புலியைக் கம்பிவலைக்கு அந்தப்பக்கம், வயிறு நிறையத் தீனி போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பசிச்ச புலியையும் பயந்த ஆட்டையும் பக்கத்துல வைக்கக் கூடாது தம்பி," என்றார். "ரெண்டு பேரும் தூங்கி வழியணும். கோபம், பயமெல்லாம் படம் பாக்க வர்றவன் பார்த்துக்குவான்."

அடுத்தது மழைக் காட்சி. கொட்டும் மழையில் சீமாட்டியின் ஆடு அசையாமல் நிற்க வேண்டும். கூலிகள் நாலைந்து பேர் மரத்தில் ஏறி உட்கார்ந்து பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். ஆடு சும்மா இருக்குமா? சொட்டுப் பட்டதுமே உடம்பைச் சிலிர்த்து உதறியது. படத்தை இயக்கும் படத் துரை தொப்பியைத் தரையில் அடித்தார். நானா கருப்பட்டித் துண்டோடு உட்கார்ந்தார். தண்ணீர் விழும், கிடா உதறினால் கருப்பட்டி இல்லை. அசையாமல் நின்றால், நானா நாக்கை மடித்து இரட்டைச் சீட்டி அடிப்பார். அப்போதுதான் உதறலாம், உதறியதும் கருப்பட்டி. கறுப்பன் கெட்டிக்காரக் கிடா. கருப்பட்டிக்காகப் பனைமரத்திலேயே ஏறக்கூடியது. சீக்கிரத்தில், குடம் குடமாகக் கொட்டினாலும் சீட்டி வரும்வரை சிலை மாதிரி நின்றது.

சீனிக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா, நம்ம கறுப்பன் ரோமத்தைக்கூட ஆட்டலை," என்று வீரம்மாவிடம் போய்ச் சொன்னான்.

முனியாண்டி கோயிலில் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், அது சிலிர்த்து உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், அதற்கு அப்புறம்தான் அரிவாள் என்பது சீனிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சந்தோஷத்தில் இருக்கிற மனுஷனுக்கு இரண்டு விஷயம் ஒன்றாக ஞாபகத்துக்கு வருவதில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் கறுப்பனைக் கேட்டுச் சீனி போனான். தோட்டத்துத் துரையின் பங்களாவில் சபைக்கு விருந்து. படிக்கட்டில் நின்று கேட்டான்.

"அதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய்?" என்று கர்னல் துரை அன்பொழுக விசாரித்தார்.

"சாமிக்கு வெட்டணுங்க."

நவமணி இதை இங்கிலீசில் சொன்னதும் மேஜையில் கரண்டிகள் நின்றன. ஒரு சீமாட்டி கைக்குட்டையைத் தேடினாள். கர்னல் துரை எழுந்தே விட்டார்.

"படுபாவி! ஒரு கலைஞனை வெட்டுவதா? தெய்வத்துக்காகக் கொல்வது காட்டுமிராண்டித்தனம். இந்த நிமிஷமே தீர்மானம்: இந்த ஆடு ஓய்வு பெற்ற கலைஞர். சனிக்கிழமை என் காரில் ஈப்போவுக்கு வரும். என் வீட்டுப் புல்வெளியில் காலம் முழுக்க மேயும்!"

எல்லோரும் உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். சீனி மெல்ல நவமணியின் பக்கம் குனிந்தான்.

"ஐயா, அவங்க தட்டுல இருக்கிறது..."

"மட்டன்."

"அது ஆடுதானே?"

"ஆடு வேற, மட்டன் வேற. உன் கறுப்பனுக்குப் பேரு இருக்கு, வேஷம் இருக்கு, குளம்பு ரேகை இருக்கு. தட்டுல இருக்கிறதுக்கு என்ன இருக்கு? உருளைக்கிழங்குதான் இருக்கு. போயிட்டு வா."

கூலிக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பியதும் வீரம்மா அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சுடுதுய்யா. இப்பவே சுடுது."

"அடுப்படியில இருந்து வந்திருக்கே."

"முனி வந்து என் கிடா எங்கேன்னு கேட்டா யார் பேரைச் சொல்லுவே? கர்னல் தொரை பேரையா? முனிக்கு இங்கிலீசு வருமா லா? திரும்பக் காய்ச்சல் வந்து நான் போய்ச் சேர்ந்தா, அந்தக் கர்னல் வந்து உனக்குக் கஞ்சி காய்ச்சுவானா?"

சீனிக்கு அவள் நெற்றியைத் தொடவே பயமாக இருந்தது. தொட்டால் சுடுமோ என்னவோ. வெறும் எலும்பாகக் கிடந்தவளை அவன் பார்த்தவன். இன்னொரு தரம் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. கிடா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கோயிலில் நிற்க வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசிக் காட்சி. கம்பிவலை இல்லாமல், புலி நேராக ஆட்டின் பக்கத்தில் வர வேண்டும். படத் துரை இதைச் சொன்னதும் கர்னல் துரையின் மீசை இரண்டு பக்கமும் துடித்தது.

"வலை இல்லாத புலியின் முன்னால் ஆடா? என் உயிருள்ளவரை நடக்காது!"

"ஆடு இல்லாமல் படம் எப்படி முடியும்?" என்று படத் துரை தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார்.

கர்னல் துரை யோசித்தார். அவர் யோசிக்கும்போது தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு முகம் மலர்ந்தது.

"ஒரு கூலிக்கு ஆட்டுத் தோலை மாட்டி நிறுத்துங்களேன்! அதற்கு எதிராக நம்மிடம் விதியே கிடையாதே!"

சபை ஏகமனதாக அவர் கருணையைப் பாராட்டியது. ஆனால் ஒரு சிக்கல். ஒப்பந்தப்படி காட்சியில் கிடா ஒன்று நின்றாக வேண்டும். இல்லையென்றால் கம்பெனி வழக்குப் போடும். அதற்கும் கர்னல் துரையே வழி சொன்னார். "காட்சியில் கிடாவாக நிற்பது எதுவோ, அதுவே சபையின் கிடா! எழுதிக்கொள், நவமணி." நவமணி எழுதிக்கொண்டார்.

ஆட்டின் நடை தெரிந்தவன் என்று சீனியைப் பிடித்து வந்தார்கள். லகாட் கசாப்புக் கடையிலிருந்து வாங்கிய கறுப்புத் தோல்களை அவன் உடம்போடு வைத்துத் தைத்தார்கள். கொம்பு கட்டினார்கள். கழுத்தில் கயிறு போட்டார்கள்.

"நானா, என்னைத் தின்னுருமா?" என்று சீனி பற்கள் தந்தியடிக்கக் கேட்டான்.

"தின்னணும்னா அதுக்குப் பல் கட்டணும் தம்பி. விடியக்காலையிலேயே வயிறு முட்டக் கொடுத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு: ஓடாத. ஓடினா வேட்டைன்னு நினைச்சுக்கும். உக்காந்திருந்தா சிநேகிதம்னு நினைச்சுக்கும்."

படப்பெட்டி சுழன்றது. சுல்தான் நடந்து வந்தது. தோலை முகர்ந்தது. சீனி ஊரிலுள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டுப் பார்த்தான். புலி அவன் பக்கத்தில் சாவகாசமாகப் படுத்து, தோலில் ஒட்டியிருந்த கொழுப்பை நக்க ஆரம்பித்தது. நக்கியபடியே தூங்கிவிட்டது. படத் துரை மறுபடியும் தொப்பியை அடித்தார். புலியை எழுப்பினார்கள், அது திரும்பவும் வந்து, நக்கி, தூங்கியது. வெயில் ஏறியது. தோலுக்குள் சீனி வெந்துகொண்டிருந்தான்.

திடீரென்று நவமணியின் குரல் ஓங்கி ஒலித்தது.

"நிறுத்துங்கள்! கிடாவின் வெயில் நேரம் முடிந்துவிட்டது!"

படத் துரை திகைத்தார். "அது ஆள் அய்யா!"

"கிடாவாக நிற்பது எதுவோ அதுவே சபையின் கிடா. இன்று காலைத் தீர்மானம்." நவமணி குறிப்பை நீட்டினார். கர்னல் துரை அதன் அடியில் காலையில் தான் போட்ட கையெழுத்தைப் பார்த்தார். தன் கையெழுத்துக்கு விரோதமாக அவர் ஆயுளில் பேசியதில்லை.

"குடை!" என்று கர்ஜித்தார்.

குடையைத் தூக்கிக்கொண்டு கங்காணி அர்ச்சுனன் வந்தான். நேற்றுவரை சீனியை 'டேய்' என்று அழைத்தவன், இன்று அவனுக்குக் குடை பிடித்து நின்றான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கிண்ணத்தில் வந்தது. மாட்டு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். "இந்த ஆடு வெற்றிலை போடுகிறது," என்று கவலையோடு குறித்துக்கொண்டார்.

நவமணி குனிந்து, விதிப்படி கேட்டார். "களைப்பா இருக்கா?"

சீனி நவமணியை நிமிர்ந்து பார்த்தான். தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த நாள் முதல் எவனும் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. 'மே' என்றான்.

"களைப்பாம்," என்று நவமணி எழுதிக்கொண்டார். பாய் வந்தது. சீனி நிழலில் படுத்தான். அர்ச்சுனனைப் பார்த்து, "அண்ணே, நிழலைக் கொஞ்சம் காலு பக்கம்," என்றான்.

"இரு லா, நாளைக்குப் பெரட்டுக்கு வா," என்று பல்லைக் கடித்தபடி அர்ச்சுனன் குடையை நகர்த்தினான்.

படுத்திருந்த நேரத்தில்தான் சீனிக்குத் தலைக்குள் ஒரு மின்னல் அடித்தது.

"கிராணி ஐயா, சபையில மொத்தம் எத்தனை கிடா?"

"ஒண்ணு."

"நான்தானே?"

"சந்தேகமே இல்லை."

"அப்போ கொட்டகையில பலா இலை தின்னுக்கிட்டு இருக்கே, அது யாருங்க?"

நவமணியின் முகம் சுண்ணாம்பு மலை மாதிரி வெளுத்தது. ஒரு கிடாவுக்குத்தான் சபை பொறுப்பு. ஒரு கிடாவுக்குத்தான் இலை. அவர் கர்னல் துரையிடம் ஓடினார். கர்னல் துரைக்கு ரத்தம் கொதித்தது.

"நம் கலைஞனின் தீனியை ஏதோ ஒரு ஊர் ஆடு தின்கிறதா? அடித்து விரட்டு!"

கறுப்பன் கொட்டகையிலிருந்து விரட்டப்பட்டு வேலியைத் தாண்டிய இடத்தில் வீரம்மா காலையிலிருந்தே காத்து நின்றுகொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்தவள் திரும்பிப் பார்க்காமல் கோயிலுக்கு நடந்தாள்.

பாதிப் பாரம் இறங்கியது. மிச்சப் பாதி? நேர்ந்துகொண்டவன் வந்து மாலை போட்டால்தான் பூசாரி கிடாவைத் தொடுவார். தோலைக் கழற்றினாலோ சபையில் கிடா இல்லாமல் போய்விடும்; கறுப்பனைத் தேடி ஆள் வரும். பொழுதோ சாய்கிறது. தூரத்தில் முனியாண்டி கோயில் உறுமி மேளம் கேட்டது.

சீனி எழுந்தான். நாலு காலில் நடந்தான்.

"எங்கே போகுது?" என்று அர்ச்சுனன் குடையோடு ஓடினான். "ஐயா, கயித்தை இழுக்கட்டுமா?"

"இழுக்காதே!" என்று நவமணி அலறினார். "விருப்பத்துக்கு விரோதமா இழுக்கக் கூடாது. பின்னாலேயே போ!"

இப்படியாக ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கொம்போடு சீனி. மேலே பட்டுக் குடை. பிடித்தபடி அர்ச்சுனன். கயிற்றின் நுனியை ஒரு ராஜகுமாரியின் சேலைத் தலைப்பு மாதிரி இரண்டு விரலால் ஏந்திக்கொண்டு நவமணி. பின்னால் கர்னல் துரையின் கார், மாட்டு வண்டி வேகத்தில். கோயில் கண்ணில் பட்டதும் சீனி நாலு காலை மறந்து இரண்டு காலில் ஓட ஆரம்பித்தான். "உற்சாகமாக இருக்கிறது," என்று நவமணி மூச்சிரைக்கக் குறித்துக்கொண்டார்.

கோயிலில் நிலைமை சரியில்லை. பூசாரி ஐயாவு மேல் முனி இறங்கிவிட்டது. இறங்கிய முனிக்குப் பொறுமை போய்விட்டது. நேர்ந்தவனைக் காணோம் என்று வீரம்மாவே மாலையைப் போட்டிருந்தாள். பூசாரி மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகக் கறுப்பன் மேல் ஊற்றுகிறார். கறுப்பன் அசையவில்லை. காது ஆடவில்லை. எதிரே படப்பெட்டி இருப்பது போல ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பி, கம்பீரமாக நிற்கிறது.

"சாமிக்கு இஷ்டமில்ல," என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. "வெள்ளைக்காரன் கை பட்டது. தீட்டு."

வீரம்மா சூலத்தடியில் விழுந்து கிடந்தாள். "ஏத்துக்க சாமி, என் உசிரை எடுத்துறாத சாமி!" அவள் உடம்பு நிஜமாகவே நடுங்கியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த சீனிக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துபோயிற்று. முனியாவது கோபமாவது! இது நானாவின் கருப்பட்டி செய்கிற வேலை. இரட்டைச் சீட்டி அடித்தால் போதும். கறுப்பன் உதறும், நேர்த்திக்கடன் முடியும், வீரம்மா பிழைப்பாள். நாக்கை மடித்தான். ஓடிவந்த ஓட்டத்தில் வாய் காய்ந்து கிடந்தது. காற்றுதான் வந்தது. கிடாவுக்குப் பக்கத்தில் போய், குனிந்து, மறுபடியும் ஊதினான். புஸ்.

பூசாரி கடைசிக் குடத்தைத் தூக்கி ஒரே வீச்சாக வீசினார். பாதி கறுப்பன் மேல் விழுந்தது. பாதி, பகலெல்லாம் வெந்து வியர்த்துக் கிடந்த சீனியின் முதுகில் விழுந்தது.

கறுப்பன் கல்லாக நின்றது. சீனிக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு சிலிர்ப்பு. கொம்பிலிருந்து வால்வரை உதறிக்கொண்டான்.

உறுமி மேளம் சட்டென்று நின்றது.

"உத்தரவு!" என்று ஐயாவு மேல் இருந்த முனி குரலெடுத்தது. "இந்தக் கிடாதாண்டா எனக்கு!" அரிவாள் மேலே போயிற்று.

"சாமீ!" வீரம்மா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து குறுக்கே விழுந்தாள். "அது என் புருஷன் சாமி! கொம்பைப் பார்த்து ஏமாந்துராத சாமி!"

முனி குனிந்து பார்த்தது. தோலுக்கு உள்ளே இரண்டு கண்கள் உருண்டன. முனி ரொம்ப நேரம் யோசித்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் முனிக்கும் கிடையாது, கர்னல் துரைக்கும் கிடையாது. ஆனால் முனிக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது.

"தோலு எனக்கு. உள்ள இருக்கிறது உனக்கு!"

நாலு பேர் பாய்ந்து தையலைப் பிரித்தார்கள். கோவணத்தோடு சீனி வெளியே உருண்டான். தோலைச் சூலத்தின் முன்னால் விரித்து, பூசாரி ஒரே வெட்டாக வெட்டினார். குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. வீரம்மா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சீனியின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஜில்லென்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கர்னல் துரை காரிலிருந்து இறங்கினார். துண்டான தோலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கிவிட்டது.

"கலைஞன் போய்விட்டான்," என்றார். நவமணி உடைந்த குரலில் மொழிபெயர்த்தார். "கடைசி மூச்சுவரை நம் சபை அவனுக்குக் குடை பிடித்தது. அவன் கயிற்றை ஒருவரும் இழுக்கவில்லை. தன் விருப்பப்படியே வந்து தன் விருப்பப்படியே மறைந்தான். இதைவிட ஒரு விலங்குக்கு நாம் என்ன செய்திருக்க முடியும்?"

எல்லோரும் தலை குனிந்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு சீனியும் குனிந்தான்.

கர்னல் துரை நிமிர்ந்தபோது அவனைக் கவனித்தார். முகம் சுளித்தார். "அந்தக் கூலியைத் தள்ளி நிற்கச் சொல். அஞ்சலி நடக்கிற இடத்தில் அரைகுறை உடையோடு நிற்கிறான்."

அர்ச்சுனன் குடையை மடக்கினான். "டேய், தள்ளுடா," என்றான். பழைய குரல் அவனுக்குத் திரும்பிவிட்டது.

நவமணி மட்டும் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "தப்பா நினைக்காத சீனி. தோலு போயிருச்சு. இந்த நிமிஷத்துல இருந்து நீ மனுஷன். சபை இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

"பரவாயில்லைங்க ஐயா. பழகின வேலைதானே."

கார் போயிற்று. அந்த அநாமதேய ஊர் ஆட்டை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. முனி ஏற்றுக்கொண்டது தோலை. ஆகவே கறுப்பன் வீரம்மாவின் பின்னால் வீட்டுக்கு நடந்தது. வழியில் சீனிக்கு வாய் ஈரமாயிற்று. சும்மா ஒரு தரம் இரட்டைச் சீட்டி அடித்துப் பார்த்தான். கறுப்பன் நின்று, முழு உடம்பையும் உதறிவிட்டு, கருப்பட்டிக்காக அவன் கையை முகர்ந்தது.

"இது ஏன்யா அங்க உதறலை?" என்றாள் வீரம்மா.

"முனியைத்தான் கேக்கணும்," என்றான் சீனி.

மறுநாள் வாயாங் கம்பெனி மூட்டை கட்டியது. ஆனால் குடையும் பாயும் காய்ச்சிய தண்ணீரும், 'களைப்பா இருக்கா' என்ற கேள்வியும் இரவோடு இரவாக லயம் முழுக்கப் பரவிவிட்டன. காலைப் பெரட்டில் கங்காணி அர்ச்சுனன் பெயர் கூப்பிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் மே என்று பதில் வந்தது.

அன்றைக்கு லகாட் கசாப்புக் கடையில் இறைச்சி மீந்துபோயிற்று. தோல் ஒன்றுகூட மிச்சமில்லை.